காற்றில் மிதக்கும் கரியை அளப்பது: வடிதாளிலிருந்து வாட் கணக்கு வரை

எரிபொருள் முழுதாக எரியாத இடங்களிலெல்லாம் புகைக்கரி பிறக்கிறது. டீசல் எஞ்சின், விறகடுப்பு, காட்டுத்தீ எதுவானாலும் தழலுக்குள் நடப்பது ஒன்றுதான்: 10 முதல் 50 நானோமீட்டர் வரை விட்டமுள்ள கரி உருண்டைகள் உருவாகி, ஒன்றோடொன்று ஒட்டி, கொத்துக் கொத்தாகக் காற்றில் கலக்கின்றன. இந்தக் கொத்துகள் புறஊதாவில் தொடங்கி அகச்சிவப்பு வரை எல்லா அலைநீளத்திலும் ஒளியை உறிஞ்சும். தண்ணீரிலோ கரிமக் கரைப்பான்களிலோ கரையாது. ஏறத்தாழ 4000 கெல்வின் வரை சூடாக்கினாலும் ஆவியாகாது. இவற்றில் ஏதாவது ஓர் இயல்பைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு கருவியும் வேலை செய்கிறது. ஒரே காற்றை இரண்டு கருவிகள் அளந்து இரண்டு எண்களைக் கொடுப்பதற்குக் காரணம் இதுவே.

காலநிலைக் கணக்கிலும் இந்த இழுபறி தொடர்கிறது. டாமி பாண்ட் தலைமையில் 2013-இல் வந்த பெரிய மதிப்பீடு, தொழிற்புரட்சிக் காலம் முதல் கருப்பு கார்பன் எனப்படும் இந்தக் கரி ஏற்படுத்திய கதிர்வீச்சுத் திணிப்பை (பூமியின் ஆற்றல் வரவுசெலவில் வந்த மாற்றத்தை) சதுர மீட்டருக்கு 1.1 வாட் என்றது. ஐயப்பாட்டு எல்லை 0.17 முதல் 2.1 வரை. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அரசுகளுக்கிடையிலான குழுவான ஐபிசிசியின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கை 2021-இல் தந்த எண் 0.11, எல்லை மைனஸ் 0.20 முதல் 0.42 வரை. இரண்டின் வரையறைகளும் ஒன்றல்ல. கரி சூடாக்கிய காற்றில் மேகமும் வெப்பநிலை அடுக்கும் உடனடியாக மாறி, வெப்பமூட்டலில் ஒரு பகுதியை ஈடுசெய்வதைப் பின்னது கணக்கில் சேர்க்கிறது. இருந்தாலும், வளிமண்டலத்தில் எவ்வளவு கரி இருக்கிறது, அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது, எந்த உயரத்தில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் துல்லியமான அளவீடு போதவில்லை என்பதும் இதில் தெரிகிறது. ஆகவே ஒழுங்காகச் செய்த ஒரு சிறு நிலையத்தின் அளவீட்டுக்கும் மதிப்பு உண்டு. அதை எப்படி ஒழுங்காகச் செய்வது என்பதைக் கீழே பார்க்கலாம்.

எதை அளக்கப்போகிறீர்கள்?

கருவி வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். ஒளி மங்குவதை அளந்து, அதை ஒரு மாறிலியால் வகுத்துக் கரியின் நிறையாக மாற்றினால் கிடைப்பது 'சமானக் கருப்பு கார்பன்'. வடிதாளைப் படிப்படியாகச் சூடாக்கி, கடைசியில் எரியும் கார்பனை அளந்தால் அது 'தனிமக் கார்பன்'. 1064 நானோமீட்டர் லேசரில் ஒவ்வொரு துகளையும் வெண்சூட்டில் ஒளிரச்செய்து அளந்தால் அது 'வெப்பந்தாங்கும் கருப்பு கார்பன்'. இந்தப் பெயர்களைக் கலக்கக்கூடாது என்று 2013-இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிந்துரை இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அறிக்கையில் வெறுமனே 'கருப்பு கார்பன் 3 மைக்ரோகிராம்' என்று எழுதினால் வேறு எவரும் அதைத் தம் எண்ணோடு ஒப்பிட முடியாது.

நோக்கம் உடல்நலமோ உமிழ்வுக் கணக்கோ என்றால் நிறை போதும். காலநிலை என்றால், காற்று ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று சொல்லும் ஒளி உறிஞ்சல் கெழுவே முதன்மை. நிறை அதற்கு அடுத்தது. ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வடிதாள் கறுப்பதைப் பல அலைநீளங்களில் அளக்கும் ஏத்தலோமீட்டரை வாங்கி, கூடவே ஆறு நாளைக்கு ஒருமுறை குவார்ட்ஸ் வடிதாளில் 24 மணி நேர மாதிரி எடுத்து ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்ல ஏற்பாடு. ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். லேசரில் ஒளிரச்செய்யும் கருவி மிக நுட்பமானது. ஆனால் ஏறத்தாழ 70 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கரியை அது காணாது. அதைத் தொடர்ந்து பராமரிக்கப் பழகிய ஆள் இல்லாத இடத்தில் அது வீண்.

இடமும் நுழைவாயும்

வட்டாரக் காற்றை அளக்க வேண்டுமானால் சாலை, சமையற்கூடம், ஜெனரேட்டர், புகைபோக்கி எதுவும் அருகில் இருக்கக்கூடாது. மொட்டைமாடியில் வைத்தால் சுற்றுச்சுவர் உயரத்துக்கு மேலே குழாய் நீள வேண்டும். கூரைப் பரப்பிலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டர் உயரம் நல்லது. அந்தக் கட்டடத்தின் சொந்த ஜெனரேட்டர் எப்போது ஓடுகிறது என்ற பதிவேட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு தரவில் வரும் கூரிய முகடுகளில் பாதிக்கு விளக்கம் அதில் இருக்கும்.

குழாய் துருப்பிடிக்காத எஃகு அல்லது செம்பாக இருக்கட்டும். சாதாரண பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்னூட்டம் ஏறி, துகள்கள் சுவரில் ஒட்டிவிடும். வளைக்க வேண்டிய சிறு துண்டுக்கு மட்டும் மின்கடத்தும் சிலிக்கோன் குழாய் போதும். அதை நீளமாகப் பயன்படுத்தினால் சிலிக்கோன் ஆவி வெளியேறித் துகள் மீது படியும். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் 6.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் ரேனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பானதா என்று சொல்லும் எண்) ஏறத்தாழ 1100. அதாவது ஓட்டம் சீராக இருக்கும். இதைவிட ஒடுக்கமான குழாயைப் போட்டுக் கொந்தளிப்பை வரவழைக்காதீர்கள். கூர்வளைவுகள் வேண்டாம்.

நுழைவாயில் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களைச் சுழற்றி விலக்கும் சுழற்பிரிப்பான் ஒன்று வையுங்கள். கரி பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டருக்குக் கீழேயே இருப்பதால் இதனால் இழப்பு இல்லை. உருப்பெரிய மண்தூசி உள்ளே வராது. தூசி மிகுந்த பருவத்தில் அதை மாதம் ஒருமுறையாவது கழற்றித் துடைக்க வேண்டும்.

ஈரப்பதம்தான் பலரும் கவனிக்காத எதிரி. வடிதாளின் இழைகள் நீரை உறிஞ்சினால் அவற்றில் ஒளி சிதறும் விதமே மாறிவிடும். கருவி அதைக் கரி என்று எண்ணும். வெப்பமும் ஈரமும் மிகுந்த வெளிக்காற்று குளிரூட்டிய அறைக்குள் நுழையும்போது குழாயிலேயே நீர் கோக்கும். சவ்வு உலர்த்தியை வைத்து ஒப்பு ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருங்கள்; அறைக்குள் வரும் குழாய்மீது வெப்பக்காப்பு சுற்றுங்கள். தரவில் ஒரு நிமிடம் பெரிய நேர்மதிப்பு, அடுத்த நிமிடம் ஏறக்குறைய அதே அளவு எதிர்மதிப்பு என இணைஇணையாக வந்தால் குளிரூட்டி அணைந்து எரியும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும்.

ஏத்தலோமீட்டர்

பெர்க்லி ஆய்வகத்தில் ஹேன்சன், ரோசன், நோவக்கோவ் மூவரும் உருவாக்கி 1984-இல் விவரித்த கருவி இது. காற்றை வடிதாள் நாடாவின் ஒரு பொட்டின் வழியே இழுக்கிறது. பொட்டு கறுக்கக் கறுக்க அதன் வழியே வரும் ஒளி மங்குகிறது. தூய பகுதியின் வழியே வரும் ஒளியோடு ஒப்பிட்டு, இரண்டின் விகிதத்தின் இயல் மடக்கையை மைனஸ் 100-ஆல் பெருக்கினால் 'ஒளிமங்கல்'. இன்று பரவலாக உள்ள ஏஈ33 வகை 370, 470, 520, 590, 660, 880, 950 நானோமீட்டர் என ஏழு அலைநீளங்களில் அளக்கிறது. கரியின் நிறைக்கு 880-ஐ எடுத்துக்கொள்வார்கள். அந்த அலைநீளத்தில் பழுப்பு நிறக் கரிமப் பொருளும் மண்தூசியும் மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றன.

கணக்கை ஒருமுறை கையாலேயே போட்டுப் பார்த்தால்தான் கருவி என்ன செய்கிறது என்பது பிடிபடும். பொட்டின் பரப்பு 0.785 சதுர சென்டிமீட்டர். பத்து நிமிடத்தில் ஒளிமங்கல் 1.0 கூடியது, பொட்டு வழியே நிமிடத்துக்கு 3.5 லிட்டர் காற்று போனது. பக்கக் கசிவு 1 விழுக்காடு. கரியின் நிறையை உறிஞ்சலோடு இணைக்கும் மாறிலியான உறிஞ்சல் குறுக்குப்பரப்பு, 880-இல் கிராமுக்கு 7.77 சதுர மீட்டர். வடிதாளுக்குள் ஒளி பலமுறை சிதறுவதற்கான திருத்தம் 1.39. மேலே: 0.0000785 சதுர மீட்டர் × 0.01. கீழே: 0.0035 கனமீட்டர் × 0.99 × 7.77 × 1.39 × 10. வகுத்தால் கனமீட்டருக்கு 2.10 மைக்ரோகிராம்.

இதோடு முடியவில்லை. பொட்டில் கரி சேரச்சேர, புதிதாக வரும் துகள்மீது விழும் ஒளி குறைகிறது. ஆகவே கருவி குறைத்துக் காட்டும். இதற்காக ஒளிமங்கலைச் சுமைக்கெழுவால் (இந்தக் குறைவின் அளவைச் சொல்லும் எண்ணால்) பெருக்கி, 1-இலிருந்து கழித்து, அதனால் வகுக்க வேண்டும். கெழு 0.004, ஒளிமங்கல் 50 என்றால் வகுக்கும் எண் 0.8. 2.10 என்ற விடை 2.62 ஆகிவிடும்: 25 விழுக்காடு வேறுபாடு. இரட்டைப் பொட்டு வகைக் கருவி, வெவ்வேறு ஓட்டத்தில் இரண்டு பொட்டுகளைக் கறுக்கவிட்டு, இந்தக் கெழுவைத் தானே கண்டுபிடிக்கிறது. ஒற்றைப் பொட்டுக் கருவி என்றால் நீங்களே செய்ய வேண்டும்: பொட்டு நன்றாகக் கறுத்ததும் புதிய பொட்டுக்காக நாடா நகர்வதற்கு முந்தைய சில அளவீடுகளின் சராசரியும் நகர்ந்தபின் வரும் சில அளவீடுகளின் சராசரியும் பொருந்தும்படி கெழுவைத் தேர்வது வழக்கம். தனி ஒரு நகர்வை நம்பாதீர்கள், காற்றே அந்த நேரத்தில் மாறியிருக்கலாம். குறைந்தது சில நாள்களின் நகர்வுகளைச் சேர்த்துச் சராசரி எடுங்கள்.

திருத்தம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு மாதத் தரவை ஒளிமங்கல் 0–10, 10–20 என்று கட்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு கட்டிலும் கரியின் சராசரியை வரையுங்கள். காற்றில் உள்ள கரிக்குப் பொட்டு எவ்வளவு கறுத்திருக்கிறது என்பது தெரியாது. ஆகவே கோடு மட்டமாக இருக்க வேண்டும். வலப்பக்கம் சரிந்தால் திருத்தம் போதவில்லை, ஏறினால் மிகையாகிவிட்டது. கெழு நாள்கணக்கில் எதிர்மதிப்பாக வந்தால் பொதுவாகக் கோளாறு கசிவில் இருக்கும், அல்லது இரு பொட்டுகளின் ஓட்ட அளவுகளில் ஒன்று தவறாக இருக்கும்.

அடுத்து வருவது காலநிலைக் கணக்கில் பலரும் தடுக்கி விழும் இடம். கருவி தரும் நிறையை 7.77-ஆல் பெருக்கி உறிஞ்சல் கெழு என்று எழுதிவிடுகிறார்கள். மேலே வந்த 2.10 மைக்ரோகிராமுக்கு அது மெகாமீட்டருக்கு (பத்து லட்சம் மீட்டருக்கு) 16.3. ஆனால் 880-இல் 7.77 என்றால், அலைநீளத்துக்கு எதிர்விகிதமாக மாற்றும்போது 550-இல் அது 12.4 ஆகிறது. புதிதாகப் பிறந்த கரிக்கு 550-இல் பாண்டும் பெர்க்ஸ்ட்ராமும் 2006-இல் தொகுத்துத் தந்த மதிப்போ 7.5, பிழை எல்லை 1.2. கருவிக்குள் இருக்கும் 7.77-உம் 1.39-உம் ஒன்றின் குறையை ஒன்று ஈடுசெய்யும் இணை. சேர்ந்திருக்கும்போது நிறை ஏறக்குறையச் சரியாக வரும். ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தால் உறிஞ்சல் பெரிதாகி வரும். எனவே உறிஞ்சல் கெழு வேண்டுமானால், உங்கள் நிலையத்திலேயே சில வாரங்களுக்கு உறிஞ்சிய ஒளி எழுப்பும் ஒலியை அளக்கும் ஒளி-ஒலிக் கருவியையோ, 637 நானோமீட்டரில் அளக்கும் பலகோண உறிஞ்சல் ஒளிமானியையோ பக்கத்தில் ஓட்டி, உங்கள் இடத்துக்கான சிதறல் திருத்தத்தைக் கண்டறியுங்கள். அது 1.39-ஐவிடப் பெரிதாகத்தான் வரும். முடியாவிட்டால் அதே வகை நாடாவுக்கு ஆய்வு வலையமைப்புகள் பரிந்துரைத்த மதிப்பை எடுத்துக்கொண்டு, அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

பராமரிப்பில் மூன்று வேலைகளைத் தள்ளிப்போடக்கூடாது. ஓட்டத்தை மாதம் ஒருமுறை வெளிக் கருவியால் சரிபாருங்கள். ஓட்டத்தில் 5 விழுக்காடு பிழை என்றால் கரியிலும் அதே 5 விழுக்காடு. நுழைவாயில் நுண்வடிகட்டி மாட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள்: சராசரி சுழியை ஒட்டி வராவிட்டால் எங்கோ அறைக்காற்று நுழைகிறது. நுழையும் ஓட்டத்துக்கும் வெளியேறும் ஓட்டத்துக்கும் இடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு கண்டால் ஒளியறையின் அடைப்பு வளையத்தையும் நாடா அமரும் பரப்பையும் பாருங்கள். ஒளியறையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சில்லாத துணியால் துடைப்பது பொதுவான வழக்கம். பூச்சி, சிலந்தி நூல், நாடாவின் இழைத்துகள் அங்கேதான் சேரும்.

தரவைத் துப்புரவு செய்யும்போது எதிர்மதிப்புகளை அழிக்காதீர்கள். தூய காற்றில் இரைச்சல் இருபுறமும் ஆடும். எதிர்ப்புறத்தை மட்டும் வெட்டினால் சராசரி மேலே நகர்ந்துவிடும். ஒரு நிமிடத் தரவை ஒரு மணி நேரமாகச் சராசரி எடுத்தால் பெரும்பாலான எதிர்மதிப்புகள் தாமே மறையும். நாடா நகர்ந்த பிறகான முதல் சில நிமிடங்களை நீக்கலாம்.

காற்றின் கன அளவு எந்த வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் சொல்லப்படுகிறது என்பதையும் பாருங்கள். சில கருவிகள் 0 செல்சியஸுக்கும், சில 21 அல்லது 25 செல்சியஸுக்கும் கணக்கிடும். சமவெளியில் இது சில விழுக்காடுதான். மலைமீது 600 ஹெக்டோபாஸ்கல், 10 செல்சியஸ் நிலையில் கனமீட்டருக்கு 1.00 மைக்ரோகிராம் என்பது 0 செல்சியஸ், 1013.25 ஹெக்டோபாஸ்கல் நிலைக்கு மாற்றும்போது 1.75 ஆகிவிடும்.

குவார்ட்ஸ் வடிதாளும் வெப்ப-ஒளி முறையும்

குவார்ட்ஸ் இழைத்தாளைப் பயன்படுத்துமுன் 550 செல்சியஸில் சில மணி நேரம் சுட்டு, சுட்ட அலுமினியத் தகட்டில் சுற்றி வையுங்கள். சுடாத தாளில் ஏற்கெனவே படிந்திருக்கும் கரிமப் பொருள் உங்கள் மாதிரியோடு சேர்ந்துவிடும். இடுக்கியால் மட்டும் தொடுங்கள். மாதிரி எடுத்த தாளை உறைநிலையில், மைனஸ் 18 செல்சியஸில் வையுங்கள். பத்து மாதிரிக்கு ஒன்றாவது வெற்றுத்தாளைக் களத்துக்குக் கொண்டுபோய், காற்று இழுக்காமல் திரும்பக் கொண்டுவந்து அளக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 16.67 லிட்டர் வீதம் 24 மணி நேரம் ஓட்டினால் 24 கனமீட்டர் காற்று. படிந்த வட்டத்தின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 12.57 சதுர சென்டிமீட்டர். காற்றில் 2 மைக்ரோகிராம் இருந்தால் தாளில் சதுர சென்டிமீட்டருக்கு 3.8 மைக்ரோகிராம் படியும். இது வசதியான அளவு. 15-ஐத் தாண்டினால் தாள் மிகவும் கறுத்துவிடும், ஆய்வகக் கருவி செலுத்தும் லேசர் ஒளி மறுபக்கம் வராது. கரிமக் கார்பனையும் தனிமக் கார்பனையும் பிரிக்கும் புள்ளியைக் கருவியால் கண்டுபிடிக்க முடியாது. புகைமூட்டமான பருவத்தில் ஓடும் நேரத்தைக் குறையுங்கள்.

ஆய்வகத்தில் தாளிலிருந்து வெட்டிய சிறு துண்டை முதலில் ஹீலியத்திலும் பிறகு ஆக்சிஜன் கலந்த ஹீலியத்திலும் படிப்படியாகச் சூடாக்குவார்கள். ஐரோப்பிய நெறிமுறையான யூசார்-2 ஹீலியத்தில் 200, 300, 450, 650 செல்சியஸும், ஆக்சிஜன் கலந்தபின் 500, 550, 700, 850 செல்சியஸும் கொள்கிறது. சிக்கல் இதில்தான்: ஹீலியத்தில் கரிமப் பொருளின் ஒரு பகுதி ஆவியாகாமல் கருகிக் கரியாகிவிடும். அதனால் தாள் மேலும் கறுக்கும். ஆக்சிஜன் வந்ததும் அது எரிந்து, தாள் தொடக்கத்தில் இருந்த கறுப்புக்குத் திரும்பும் கணத்தைப் பிரிப்புப் புள்ளியாகக் கொண்டு, அதற்குப் பின் வரும் கார்பன் முழுவதையும் தனிமக் கார்பன் என்கிறார்கள். நெறிமுறையை மாற்றினால் மொத்தக் கார்பன் மாறாது. ஆனால் தனிமக் கார்பனின் பங்கு கணிசமாக மாறும். விறகுப்புகை மாதிரிகளில் இது இன்னும் மோசம். ஆகவே ஆய்வின் நடுவில் ஆய்வகத்தையோ நெறிமுறையையோ மாற்றாதீர்கள்.

கருவியைச் சரிபார்க்கச் சர்க்கரைக் கரைசல் போதும். லிட்டருக்கு 10 கிராம் சுக்ரோஸ் என்றால் மைக்ரோலிட்டருக்கு 4.21 மைக்ரோகிராம் கார்பன். 10 மைக்ரோலிட்டர் துளியில் 42.1. தாளில் விட்டபின் நன்றாக உலரவிட்டுத்தான் சூட்டைத் தொடங்க வேண்டும். மண்தூசி மிகுந்த மாதிரியில் கார்பனேட் சிதைந்து கார்பனாகக் கணக்கேறும்; சந்தேகம் வந்தால் ஒரு துண்டை ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் வைத்தெடுத்து மீண்டும் அளந்து, வேறுபாட்டைப் பாருங்கள்.

கரி எங்கிருந்து வந்தது?

டீசல் புகை ஏறக்குறைய அலைநீளத்துக்கு எதிர்விகிதமாக உறிஞ்சும். விறகுப்புகையில் பழுப்புக் கரிமப் பொருள் சேர்ந்திருப்பதால் குறுகிய அலைநீளத்தில் கூடுதலாக உறிஞ்சும். இந்த வேறுபாட்டைச் சொல்லும் எண் ஆங்ஸ்ட்ரோம் அடுக்கு. 470-இல் உறிஞ்சல் 40, 950-இல் 16 என்றால் அடுக்கு 1.30.

இதை வைத்து இரு மூலங்களாகப் பிரிக்கும் முறை கவர்ச்சியானது, ஆபத்தானதும்கூட. டீசலுக்கு 0.9, விறகுக்கு 1.68 என்ற அடுக்குகளைக் கொண்டால், மேற்சொன்ன மாதிரியில் 950-இல் உறிஞ்சலின் 55 விழுக்காடு டீசல் போன்ற மூலத்துக்குப் போகிறது. அதே தரவுக்கு 1, 2 என்ற அடுக்குகளைக் கொண்டால் 77 விழுக்காடு. தரவு மாறவில்லை, நாம் நுழைத்த எண்தான் மாறியது. ஆகவே இந்த முறையை மட்டும் நம்பி ஒரு நகரின் மூலப்பங்கீட்டை எழுதுவது தவறு. விறகெரிப்பின் அடையாளமான லீவோகுளூக்கோசானை வடிதாளில் அளந்து ஒப்பிட்டால் அடுக்குகளை உங்கள் இடத்துக்கு ஏற்பச் செப்பனிடலாம். மண்தூசிப் புயல் நாள்களை முதலிலேயே விலக்கிவிடுங்கள். இரும்பு ஆக்சைடும் 370, 470-இல் நன்றாக உறிஞ்சும்.

நேர வரைபடத்தைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். இரவில் கரி ஏறுவதை உமிழ்வு கூடியதாக உடனே எடுத்துக்கொள்ளக்கூடாது. இரவில் காற்றின் கலப்படுக்கு (தரையை ஒட்டிக் காற்று கலக்கும் அடுக்கு) சில நூறு மீட்டராகச் சுருங்கும், நண்பகலில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை விரியும். உமிழ்வு மாறாமலே செறிவு பல மடங்கு ஏறி இறங்கும்.

அளவீட்டிலிருந்து வாட்டுக்கு

தரையில் அளந்த எண்ணை நேரடியாகக் காலநிலை விளைவாக மாற்ற முடியாது. தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரையுள்ள முழுத்தம்பத்திலும் எவ்வளவு உறிஞ்சல் என்பதே தேவை. உறிஞ்சல் மெகாமீட்டருக்கு 15, கலப்படுக்கு 1.5 கிலோமீட்டர் என்றால், அந்த அடுக்குக்குள் சீராகக் கலந்திருப்பதாகக் கொண்டு, உறிஞ்சல் ஒளியியல் ஆழம் (தம்பம் முழுவதும் சேர்ந்த உறிஞ்சல்) 0.0225. இது முதல் தோராயம் மட்டுமே. மேலே மிதந்து செல்லும் புகை அடுக்கு இதில் வராது. ஏரோநெட் போன்ற வலையமைப்பின் சூரிய ஒளிமானி அருகில் இருந்தால் அதன் மதிப்போடு ஒப்பிடுங்கள். ஆனால் அது தரும் ஒற்றைச் சிதறல் ஆல்பிடோ (துகள்கள் மறிக்கும் ஒளியில் சிதறலின் பங்கு) 440 நானோமீட்டரில் ஒளியியல் ஆழம் 0.4-க்கு மேல் இருக்கும்போதுதான் நம்பகமானது. தூய நாள்களின் மதிப்பை எடுத்துச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

வளிமண்டல உச்சியில் திணிப்பை மதிப்பிட சிலெக்கும் வாங்கும் 1995-இல் தந்த எளிய சமன்பாடு இருக்கிறது. மேகமற்ற வானத்துக்கு அது இப்படி: மைனஸ் 340 × வளிமண்டல ஊடுருவலின் இருபடி × [ (1 − தரை ஆல்பிடோ)-வின் இருபடி × 2 × மேல்நோக்கிச் சிதறும் பங்கு × சிதறல் ஆழம் − 4 × தரை ஆல்பிடோ × உறிஞ்சல் ஆழம் ]. தரை ஆல்பிடோ என்பது தன்மீது விழும் ஒளியில் தரை திருப்பியனுப்பும் பங்கு. ஊடுருவல் 0.79, மேல்நோக்கிச் சிதறும் பங்கு 0.2, மொத்த ஒளியியல் ஆழம் 0.30, அதில் 85 விழுக்காடு சிதறல் என்று கொள்வோம். சிதறல் ஆழம் 0.255, உறிஞ்சல் ஆழம் 0.045.

தரை ஆல்பிடோ 0.15 உள்ள வயல்வெளிமீது விடை சதுர மீட்டருக்கு மைனஸ் 9.9 வாட்: புகைமூட்டம் குளிர்விக்கிறது. ஆல்பிடோ 0.8 உள்ள பனிப்பரப்பின்மீது அதே மூட்டம் பிளஸ் 29.7 வாட்: சூடாக்குகிறது. துகள்கள் மாறவில்லை, கீழே இருந்த தரைதான் மாறியது. வெண்மையான தரையிலிருந்து திரும்பி மேலே போகும் ஒளியையும் கரி வழியில் மறித்து உறிஞ்சிக்கொள்கிறது. கரி மேகத்துக்கு மேலே மிதந்தாலும் இதேதான் நடக்கும். இந்த இரு நிலைகளுக்கும் இடையிலான எல்லையைச் சொல்லும் ஒற்றைச் சிதறல் ஆல்பிடோ, ஆல்பிடோ 0.3 உள்ள மணற்பரப்புக்கு 0.86 என வருகிறது. உங்கள் மதிப்பு அதற்கருகில் இருந்தால், 0.03 அளவுப் பிழைகூடக் குளிர்ச்சியை வெப்பமாக மாற்றிக் காட்டிவிடும். ஏத்தலோமீட்டரின் சிதறல் திருத்தத்தை இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

உச்சியில் வரும் எண் சிறிதாக இருப்பதால் விளைவும் சிறிது என்று எண்ண வேண்டாம். தரையில் மைனஸ் 25, உச்சியில் மைனஸ் 5 வாட் என்றால் இடையிலுள்ள காற்று 20 வாட்டை எடுத்துக்கொண்டிருக்கிறது. அது 300 ஹெக்டோபாஸ்கல் தடிமனுள்ள அடுக்கில் பரவினால் சூடேறும் வீதம்: 20 × 9.81 ÷ (1005 × 30000), நொடிக்கு. 86400-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு 0.56 கெல்வின். இங்கே 20 வாட் என்பது 24 மணி நேரச் சராசரியாக இருக்க வேண்டும். நண்பகல் மதிப்பைப் போட்டால் விடை பல மடங்கு ஊதிவிடும். இப்படிச் சூடான அடுக்கு கீழே உள்ள காற்று மேலெழுவதைத் தடுக்கலாம், மேகத்தை உலர்த்தலாம், அல்லது தன் உயரத்தைப் பொறுத்து மேகத்தைத் தடிப்பாக்கவும் செய்யலாம். எனவே உயரம் தெரியாமல் மேக விளைவைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்லாதீர்கள். கையடக்க ஏத்தலோமீட்டரைப் பலூனிலோ டிரோனிலோ ஏற்றி உயரவாரியாக அளக்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஈரப்பதம் சட்டென மாறுவதால் உலர்த்தி கட்டாயம் தேவை, ஏறும் வேகமும் மெதுவாக இருக்க வேண்டும்.

நாள்பட்ட கரிமீது சல்பேட்டும் கரிமப் பொருளும் பூச்சாகப் படிகின்றன. இந்தப் பூச்சு ஒளியைக் குவித்து உறிஞ்சலைக் கூட்டும். கோட்பாட்டளவில் இரு மடங்கை நெருங்கலாம், களத்தில் பல இடங்களில் அதைவிட மிகக் குறைவாகவே கண்டிருக்கிறார்கள். உங்கள் இடத்தில் உறிஞ்சல் கெழுவைத் தனிமக் கார்பனால் வகுத்துப் பாருங்கள். 550-இல் 7.5-ஐவிட எவ்வளவு கூடுகிறது என்பது, திருத்தங்கள் சரியாக இருந்தால், பூச்சின் பங்கைக் காட்டும்.

பனியில் விழுந்த கரி

பனியை அளப்பவர்களுக்கு ஒரு சில குறிப்புகள். தூய கண்ணாடிக் குடுவையில் எடுங்கள். பிளாஸ்டிக் சுவரில் கரி எளிதில் ஒட்டும். உறைந்த நிலையிலேயே கொண்டுவந்து, அளக்கும் நேரத்தில் விரைவாக உருக்கி, உடனே 0.4 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வு வடிதாளிலோ குவார்ட்ஸ் தாளிலோ வடிகட்டுங்கள். உருகிய நீரை நாள்கணக்கில் வைத்திருந்தால் கரி கொத்தாகித் திரண்டு சுவரில் படிந்து, அளவு குறைந்துவிடும். சவ்வின் துளை வழியே நுண்கரியில் ஒரு பகுதி தப்பிப்போகும். வடிநீரை மீண்டும் ஒருமுறை வடிகட்டி அந்த இழப்பை மதிப்பிடுங்கள். ஒரு கிராம் பனியில் சில பத்து நானோகிராம் கரியே ஆல்பிடோவை அளக்கத்தக்க அளவு குறைக்கும் என்பதால், குடுவையைத் திறக்கும் இடத்தில் வாகனம் ஓடிக்கொண்டிருக்கக்கூடாது. மேற்பரப்பு, 5 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் எனத் தனித்தனியே எடுங்கள்: உருகும் பருவத்தில் கரி நீரோடு முழுதாக இறங்காமல் மேலேயே திரளும், ஒரே ஆழத்து மாதிரி ஏமாற்றும்.

பதிவில் இருக்க வேண்டியவை

கருவி வகை, நாடாவின் வகை, ஓட்டம், சுழற்பிரிப்பானின் வெட்டு விட்டம், உலர்த்திக்குப் பின்னான ஈரப்பதம், கன அளவுக்கான வெப்பநிலையும் அழுத்தமும், சிதறல் திருத்தம், சுமைத் திருத்த முறை, எந்த அலைநீளத்துக்கு எந்தக் குறுக்குப்பரப்பு, வெப்ப-ஒளி நெறிமுறையின் பெயர்: இத்தனையும் தரவுக் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கட்டும். கருவி கணக்கிட்டுத் தரும் நிறையோடு நிறுத்தாமல், ஒவ்வோர் அலைநீளத்திலும் பதிவான மூல ஒளிச்செறிவையும் ஒவ்வொரு பொட்டின் ஓட்டத்தையும் சேமியுங்கள். நாடாவுக்கான திருத்தம் இதற்கு முன்பும் மாறியிருக்கிறது, இனியும் மாறும். மூல ஒளிச்செறிவு கையில் இருந்தால் பழைய ஆண்டுகளின் தரவையும் புதிய மதிப்பால் மறுபடி கணக்கிட்டுவிடலாம்.